நிறுத்தும் தேதி இல்லாத சீட்டு

மருந்துக் கடைகளில் எச்1 பதிவேடு என்று தனியாக ஒரு நோட்டு உண்டு. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எச்1 என்னும் அட்டவணை 2013இல் சேர்க்கப்பட்டு, 2014 மார்ச் மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதில் பெரும்பகுதி ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும்தான் என்றாலும், அல்பிரஸோலம், டயஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைடு, நைட்ரஸிபாம், ஸோல்பிடெம் ஆகிய, தூக்கமும் அமைதியும் தரும் மருந்துகளும் அவற்றுக்கு நடுவே இடம்பெற்றிருக்கின்றன. இவற்றில் எதை விற்றாலும் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை அந்த நோட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். டெல்டா மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் மருந்தாளுநராகப் பணியாற்றிய காலத்தில் இந்த நோட்டை எழுதும் வேலை என்னுடையது. ஆன்டிபயாடிக் வரிகளில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து நாள் மருந்து முடிந்ததும் அந்த மனிதர் நோட்டிலிருந்து மறைந்துவிடுவார். தூக்க மாத்திரை வரிகள் அப்படியல்ல. அதே பெயர்கள், அதே மருந்து, அதே அளவு, ஓய்வூதியம் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே, ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப வரும்.

அந்த மருந்துகள் கெட்டவை என்று சொல்ல நான் வரவில்லை. நிற்காமல் வலிப்பு வருகிறவருக்கு நரம்பு வழியாக ஏற்றப்படும் லோரஸிபாம் உயிரைக் காக்கிறது. குடியை நிறுத்தியவருக்கு வரும் நடுக்கத்தையும் பிதற்றலையும் குளோர்டயஸிபாக்ஸைடு போல அடக்குகிற மருந்து வேறு எளிதில் கிடைக்காது. மகனை விபத்தில் இழந்த தாய்க்கு முதல் சில இரவுகளில் அரை மில்லிகிராம் அல்பிரஸோலம் கொடுக்கும் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. காய்ச்சல் மருந்துக்கு எத்தனை நாள் என்று எழுதும் கை, தூக்க மாத்திரைக்கு மட்டும் அதை எழுதாமல் விட்டுவிடுகிறது. தொடங்கும் தேதி சீட்டின் தலையில் இருக்கிறது. முடிக்கும் தேதி எங்கும் இல்லை. இந்த மருந்தால் வீடுகளில் நேரும் பெரும்பாலான சங்கடங்களுக்கு அங்கேதான் வேர் இருக்கிறது என்பது என் கருத்து.

சட்டம் இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. மருத்துவர் தனியாக எழுதிக் கொடுத்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுக்கக் கூடாது என்றும், கொடுத்த கடையின் பெயரும் தேதியும் அந்தச் சீட்டிலேயே பதியப்பட வேண்டும் என்றும் அதே மருந்து விதிகளின் 65ஆம் விதி சொல்கிறது. நடைமுறை வேறு மாதிரி. மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டை லேமினேட் செய்து கொண்டுவருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக்கின் மேல் கடை முத்திரை ஒட்டாது என்பதை அவர்கள் யோசித்துச் செய்தார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. “டாக்டரையே பார்க்கப் போனாலும் இதைத்தான் எழுதப் போறார், அதுக்கு ஏம்மா ஐந்நூறு ரூபாய்?” என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லவும் முடியாது.

அல்பிரஸோலம், டயஸிபாம் போன்ற, பென்ஸோடயஸிபைன் எனப்படும் இந்த வகை மருந்துகளுக்குப் பாதுகாப்பானவை என்ற பெயர் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1950களில் தூக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட பார்பிட்யூரேட் மருந்துகளில், தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறைவு. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் நியூ ஜெர்சி ஆய்வகத்தில் வேதியியலர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டெடுத்த குளோர்டயஸிபாக்ஸைடு 1960இல் லிப்ரியம் என்ற பெயரிலும், அதன் தம்பியான டயஸிபாம் 1963இல் வேலியம் என்ற பெயரிலும் சந்தைக்கு வந்தபோது, தனியாக எடுத்தால் அவ்வளவு எளிதில் உயிரைப் பறிக்காது என்ற ஒரே காரணத்துக்காகவே மருத்துவ உலகம் அவற்றை வாரி அணைத்துக்கொண்டது. அந்த நிம்மதி உண்மையானதுதான்; ஆனால் அதே நிம்மதிதான் இரண்டு தலைமுறைகளாக மருத்துவர்களின் கண்ணையும் மறைத்தது. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது 1988இல். பழக்கமாகிவிடுதல், உடல் சார்ந்துவிடுதல், நிறுத்தும்போது வரும் விளைவுகள் ஆகியவற்றை இந்த வகை மருந்துகள் அனைத்தின் விவரத்தாளிலும் கட்டமிட்டு அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ உத்தரவிட்டது 2020இல். லிப்ரியம் வந்து அறுபது ஆண்டுகள் ஆன பிறகு.

மூளையில் காபா என்ற பொருளின் வேலை நரம்புச் செல்களின் பரபரப்பைத் தணிப்பது. பென்ஸோடயஸிபைன் வகை மருந்துகள் அந்தக் காபாவின் கையை வலுப்படுத்துகின்றன. தாமாக எதையும் புதிதாகச் செய்வதில்லை. இரவுதோறும் வெளியிலிருந்து இந்த உதவி வந்துகொண்டே இருந்தால், சில வாரங்களில் மூளை தன் பங்குக்கு அந்தத் தணிப்பைக் குறைத்துக்கொண்டுவிடுகிறது. அதன் பிறகு அதே மாத்திரை பழைய தூக்கத்தைத் தருவதில்லை. ஆனால் ஒரு நாள் அதை விட்டுவிட்டால், முதன்முதலில் மருத்துவரிடம் போனபோது இருந்ததைவிட மோசமான இரவு வாய்க்கிறது; படபடப்பு, வியர்வை, கண்ணை மூடினால் கெட்ட கனவு. “ஒரு நாள் போடலை, பொட்டுக் கண் மூடலை” என்று கடைக்கு வந்து சொல்பவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை இல்லாமல் தன்னால் தூங்க முடியாது என்பதற்கு அவரிடம் நேரடிச் சாட்சியம் இருக்கிறது. அது தன் பழைய நோய் அல்ல, மாத்திரையே உண்டாக்கிய புதிய நிலை என்பதை அவருக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். அல்பிரஸோலம் போல உடலைவிட்டு விரைவாக வெளியேறும் மருந்துகளில் இந்தச் சுழல் இன்னும் இறுக்கமானது. சிலருக்கு அடுத்த வேளை வருவதற்கு முன்பே, பகலிலேயே, கை நடுங்கத் தொடங்கிவிடும்.

திடீரென்று நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தெரிந்துகொள்ள மருத்துவ நூலைத் தேட வேண்டியதில்லை. தெலங்கானாவில் கள்ளில் டயஸிபாம், அல்பிரஸோலம், குளோரல் ஹைட்ரேட் ஆகியவற்றைக் கலந்து விற்பது நெடுங்காலமாக நடந்துவரும் குற்றம். 2015இல் அதிகாரிகள் கெடுபிடியை இறுக்கியபோது, நிஜாமாபாத் உள்ளிட்ட பகுதிகளில் அந்தக் கள்ளையே அன்றாடம் குடித்துவந்தவர்கள் நடுக்கத்தோடும் வலிப்போடும், இல்லாத உருவங்களைக் கண்டு அலறியபடியும் அரசு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். தாங்கள் மருந்து உட்கொள்கிறோம் என்பதே தெரியாமல் அதற்கு அடிமையாகி, அது நின்றபோது நோயாளியானவர்கள் அவர்கள். ஆகையால் இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். சில வாரங்களுக்கு மேல் தினமும் எடுத்துவருகிறவர் மருத்துவரின் துணையில்லாமல் நிறுத்தவே கூடாது. கர்ப்பமாக இருப்பது தெரியவந்தவருக்கும் இது பொருந்தும். பதறிப்போய்த் தானே நிறுத்துவதைவிட அன்றே மருத்துவரிடம் சொல்வது நல்லது.

தெரியாமல் மருந்து உட்கொள்வது கள்ளுக்கடையில் மட்டும் நடப்பதல்ல. நம் ஊரில் விற்கப்படும் கூட்டு மாத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பிசைவுக்கும் அடிக்கடி வெளிக்குப் போவதற்கும் கொடுக்கப்படும் ஒரு மாத்திரையில் கிளிடினியத்தோடு குளோர்டயஸிபாக்ஸைடும் இருக்கிறது. படபடப்புக்கு என்று கொடுக்கப்படும் இன்னொன்றில் புரோப்ரனலாலோடு அல்பிரஸோலம். மனச்சோர்வுக்குரிய எஸ்சிட்டலோபிராமோடு குளோனஸிபாம் சேர்ந்த மாத்திரை மிகப் பரவலாக எழுதப்படுகிறது. வயிற்று மருத்துவர் ஒன்றும், குடும்ப மருத்துவர் ஒன்றும், நரம்பு மருத்துவர் ஒன்றுமாக எழுதினால், ஒரே முதியவர் ஒரே இரவில் மூன்று பென்ஸோடயஸிபைன்களை, மூன்று வெவ்வேறு வணிகப் பெயர்களில், மூன்று வெவ்வேறு நோய்களுக்கு என்று நம்பிக்கொண்டு விழுங்கிவிட முடியும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் சேர்மான வரியைப் படித்து, ‘பாம்’ என்றோ ‘ஸோலம்’ என்றோ முடியும் பெயர் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டில் உள்ள படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை. குளோர்டயஸிபாக்ஸைடு அந்த முடிவுகளுக்குள் அடங்காது என்பதால் அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு, எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பையை முழுவதுமாக மேசைமேல் வைப்பது அதைவிடச் சுலபம்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. அல்பிரஸோலம் 0.25, 0.5, 1 மில்லிகிராம் என்ற அளவுகளில் வருகிறது. கடையில் அவற்றைப் பாயிண்ட் டூ ஃபைவ், பாயிண்ட் ஃபைவ் என்று சொல்லிக் கேட்பார்கள். வீட்டிலோ எல்லாம் கால், அரை, முழுசு என்று ஆகிவிடும். “டாக்டர் அரை போடச் சொன்னார்” என்றால் அரை மில்லிகிராமா, கையில் இருக்கும் ஒரு மில்லிகிராம் மாத்திரையில் பாதியா, அரை மில்லிகிராம் மாத்திரையிலேயே பாதியா? முதல் இரண்டும் ஒன்று. மூன்றாவது அதில் பாதி. எனவே மாத்திரையின் எண்ணிக்கையைச் சொல்லாமல் மில்லிகிராமைச் சொல்லிப் பழக வேண்டும் என்று கடைக்கு வருபவர்களிடம் வற்புறுத்துவேன். எஸ்ஆர் என்றோ இஆர் என்றோ பெயரோடு ஒட்டியிருந்தால், அது மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை. அதைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது, மருத்துவர் சொல்லாமல் உடைக்கவும் கூடாது.

கூடச் சேரக்கூடாதவற்றில் முதலாவது மது. மருந்தும் மதுவும் மூளையில் ஏறத்தாழ ஒரே கதவைத் தட்டுகின்றன. தனியாக எடுத்தால் எளிதில் கொல்லாத மாத்திரை இரண்டு பெக்கோடு சேர்ந்தால் மூச்சின் வேகத்தைக் குறைத்துவிடும். ஓபியாய்டு எனப்படும், அபின் வகை வலிநிவாரணிகளும் அப்படியே. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் தாராளமாக எழுதப்படும் டிரமடால், இருமல் மருந்துகளில் உள்ள கோடீன் இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை. இந்தச் சேர்க்கையைப் பற்றி 2016இலேயே எஃப்டிஏ தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. ஜலதோஷ மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின் அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும், எழுபது வயதைக் கடந்தவருக்கு இரண்டும் சேர்ந்தால் மறுநாள் மதியம் வரை தலை கிறங்கும். யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வரும் ஆபத்து ஒன்றும் இருக்கிறது. படர்தாமரை இப்போது தமிழ்நாட்டில் விடாப்பிடியான நோயாக மாறியிருப்பதால், தோல் மருத்துவர்கள் இட்ராகோனஸோல் மாத்திரையை வாரக்கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. அந்த மருந்து, அல்பிரஸோலத்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். வழக்கமான அதே அளவே உடலில் தேங்கிப் பெருகும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று அல்பிரஸோலத்தின் விவரத்தாளிலேயே இருக்கிறது. ஆனால் தொடையில் வந்த படர்தாமரையைக் காட்டப் போகிறவர், தான் தூங்குவதற்குப் போடும் மாத்திரையைப் பற்றி எதற்காகச் சொல்லப் போகிறார்? கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் இதே குணம் உண்டு.

உரத்த குறட்டையோடு நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிறவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குறட்டைக்காரரின் தூக்கமின்மைக்குப் பல நேரங்களில் அந்த மூச்சுத் தடையே காரணமாக இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு மாத்திரை கொடுத்தால் நோய் கூடும்.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நோட்டில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை அவர்களுடையவை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியலில், அறுபத்தைந்து வயதுக்கு மேல் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் இந்த வகை முழுவதும் இடம்பெற்றிருக்கிறது. வயதாக ஆக மருந்து உடலில் தங்கும் நேரம் நீள்கிறது. இளைஞருக்குப் பதினொரு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் அல்பிரஸோலம், முதியவருக்குச் சராசரியாகப் பதினாறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. டயஸிபாமும் அது உடலில் மாறும் பொருளும் நாட்கணக்கில் தங்கும். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, விளக்கைப் போடாமல், ஈரமான கழிவறைத் தரையில் கால் வைப்பவருக்கு அந்த மிச்ச மருந்து போதும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த முதியவர்களின் வீடுகளில், அந்தத் தரையையும் விதியையும் கண்திருஷ்டியையும் பற்றிப் பேசுவார்கள். முந்தைய இரவு போட்ட மாத்திரையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ‘அம்மாவுக்கு ஞாபகம் குறையுது’ என்று டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்குப் பயந்து அழைத்துவரப்படுகிறவர்களிலும், மருந்தைக் குறைத்ததும் ஓரளவு தெளிந்துவிடுகிறவர்கள் உண்டு. அபூர்வமாகச் சில முதியவர்களுக்கு மருந்து தலைகீழாக வேலை செய்து, அமைதிக்குப் பதிலாக ஆவேசத்தை வரவழைக்கும். அதை மனநோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டினால் நிலைமை கெட்டுவிடும்.

ஸோல்பிடெம் வேதியியலில் வேறு வகையைச் சேர்ந்தது என்றாலும் பழக்கவழக்கத்தில் இவற்றின் பங்காளிதான். மறுநாள் காலையில் வண்டி ஓட்டும்போதும் பெண்களின் இரத்தத்தில் அது அதிகம் மிஞ்சியிருந்ததால், 2013இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10இலிருந்து 5 மில்லிகிராமாக எஃப்டிஏ குறைத்தது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது ஆகியவை அதனால் நேர்ந்திருக்கின்றன. படுக்கையில் உட்கார்ந்துகொண்டு போட வேண்டிய மாத்திரை அது. போட்டுவிட்டுச் சமையலறையை ஒழித்து வைக்கப் போகக் கூடாது. ஏழு மணி நேரமாவது படுக்க வாய்ப்பில்லாத இரவில் அதைத் தொடவே கூடாது. நடுச்சாமத்தில் விழித்து இன்னொன்று போடுவது எந்த மாத்திரையானாலும் தவறு.

என் மாமியார் பல ஆண்டுகளாக இரவில் 0.5 அல்பிரஸோலம் எடுத்துவந்தவர். மாமா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு யாரோ எழுதிக் கொடுத்தது. மாமாவின் திவசங்கள் பல கடந்தும் மாத்திரை நிற்கவில்லை. பகலில் கண் சொருகுவதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும் கூடியபோது நகரத்தில் உள்ள ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மையார் முதல் சந்திப்பில் மாத்திரையைத் தொடவே இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எப்போது விழிப்பு வருகிறது, மதியம் எவ்வளவு நேரம் படுப்பீர்கள், காப்பி எத்தனை என்று மட்டும் கேட்டார். எட்டரை மணித் தொடர் முடிந்ததும் அத்தை படுத்துவிடுவார்; இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதே என்பதுதான் அவருடைய புகார்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் தூக்கம்; ஐந்து மணிக்கு டம்ளர் நிறைய டிகாக்‌ஷன் காப்பி. “எழுபத்தி நாலு வயசுக்கு ஆறு ஆறரை மணி நேரம் போதும்மா. நீங்க அதைத்தான் தூங்குறீங்க, கொஞ்சம் பகல்லயும் கொஞ்சம் ராத்திரியுமா பிரிச்சுத் தூங்குறீங்க” என்றார் மருத்துவர். தூக்கம் வந்தால் மட்டுமே படுக்கைக்குப் போவது, அதுவும் பத்தரைக்கு முன் போகாமலிருப்பது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து வேறு அறையில் உட்காருவது, எந்த இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, காப்பியைக் காலையோடு முடித்துக்கொள்வது, இவ்வளவுதான் அவர் சொன்னது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை மாத்திரையல்ல, இந்த நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. சொல்வதற்கு எளிது; முதல் இரண்டு வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. “தூக்கம் வரலைன்னு டாக்டர்கிட்ட போனா, தூங்காதேங்கிறாளே அந்தப் பொண்ணு” என்று அத்தை பக்கத்து வீட்டில் முறையிட்டார்.

இது ஓரளவு பழகிய பிறகே குறைக்கத் தொடங்கினோம். இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, அப்போதைய அளவில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைப்பது என்பது இன்று அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கம் காட்டும் வழி. மாத்திரைகள் நம் வசதிக்கேற்ற அளவில் வருவதில்லை. 0.5க்குப் பதிலாக 0.25 மாத்திரை இரண்டாக மாற்றி, அதில் ஒன்றை நான்காக வெட்டி, ஒரு கால் துண்டை விட்டுவிட்டால் 0.0625 மில்லிகிராம் குறையும். தொடக்கத்தில் அது எட்டில் ஒரு பங்கு. ஆனால் மொத்த அளவு குறையக் குறைய, அதே துண்டு மேலும் மேலும் பெரிய பங்காகிவிடும், 0.125இலிருந்து ஒரு துண்டை விட்டால் பாதியே போய்விடுகிறது. பலரும் இந்தக் கடைசிப் படிகளில் அவசரப்பட்டுத்தான் தோற்கிறார்கள். மாத்திரை வெட்டும் சிறிய பிளாஸ்டிக் பெட்டி கடையில் கிடைக்கும். அரிவாள்மனையும் பிளேடும் வேண்டாம். ஒரு துண்டு சற்றுப் பெரிதாகவும் இன்னொன்று பொடியாகவும் போகத்தான் செய்யும், அதற்காகப் பதற வேண்டியதில்லை. டயஸிபாமுக்கு மாற்றி அதைக் குறைப்பது, பிரிட்டனின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே மருத்துவமனைப் பிரிவு ஒன்றை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டனின் முறை. அவருடைய கணக்கில் 0.5 மில்லிகிராம் அல்பிரஸோலத்துக்கு 10 மில்லிகிராம் டயஸிபாம் சமம். அத்தையின் வயதில் டயஸிபாம் உடலில் தேங்கிவிடும் என்று எங்கள் மருத்துவர் அதை விரும்பவில்லை. ஒரு படியில் கை நடுக்கமும் எரிச்சலும் கூடியபோது பின்னால் போகாமல் அதே அளவில் நின்று, உடல் பழகிய பிறகு அடுத்த படிக்குப் போனோம். பொங்கலுக்கும், பேத்தியின் கல்யாணத்துக்கும் முன்பின்னாகக் குறைப்பதில்லை என்று அத்தையே ஒரு விதி போட்டார், மருத்துவரும் ஒப்புக்கொண்டார். நல்ல விதிதான். ஓர் ஆண்டை நெருங்கியபோது மாத்திரை நின்றது. தூக்கம் முன்பைவிட மேலாகிவிடவில்லை, ஏறக்குறைய அதே தூக்கம்தான், பகல்தான் மாறியது. தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு எங்களோடு வாதாடுகிறார்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு, மருந்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. நீண்ட காலமாக இந்த மருந்தை எடுத்துவந்த, அறுபத்தைந்து வயதைக் கடந்த 303 பேரைக் கடைகளின் வழியாகச் சேர்த்து, அவர்களில் ஒரு பாதிக்கு மருந்தின் ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் சிறுநூல் ஒன்றை மட்டும் அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவில் 27 விழுக்காட்டினர் நிறுத்தியிருந்தார்கள். சிறுநூல் கிடைக்காத பிரிவில் 5 விழுக்காடு. 2014இல் வெளியான ஆய்வு இது. முதியவர்கள் மாத்திரையை விடவே மாட்டார்கள் என்று மருத்துவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். தமிழில், பெரிய எழுத்தில், கடையிலேயே எடுத்துக் கொடுக்கும்படி அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், பதிவேட்டில் எழுதியதைவிடப் பயனுள்ள வேலை ஒன்றைச் செய்திருப்பேன்.

எல்லோரையும் நிறுத்தச் சொல்வதும் சரியல்ல. எண்பதைக் கடந்த, தனியாக வாழும் ஓர் ஆசிரியை எங்கள் கடைக்கு வருவார். குறைந்த அளவு, கூட்டியதே இல்லை, விழுந்ததும் இல்லை. குறைக்க இரண்டு முறை முயன்று, அவருடைய பதற்ற நோய் திரும்பி வந்ததால், மருத்துவரே தொடரட்டும் என்று எழுதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருந்தார். முடிவெடுத்துத் தொடர்வதும், யாரும் பார்க்காமலே தொடர்ந்துகொண்டிருப்பதும் ஒன்றல்ல. வலிப்பு நோய்க்காகக் குளோனஸிபாம் எடுப்பவர்களுக்கும் நான் இங்கே சொன்ன கணக்குகள் பொருந்தாது.

மருத்துவமனையில் சேரும்போது நேரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்புரை, மூட்டு மாற்று, எதுவானாலும் சர்க்கரை மருந்தையும் இரத்தக் கொதிப்பு மருந்தையும் பட்டியலிடும் குடும்பத்தார், இரவு மாத்திரையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அல்லது வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நோயாளி ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார், செத்துப்போனவர்களைக் கூப்பிடுகிறார், சிலருக்கு வலிப்பும் வருகிறது. அறுவைச் சிகிச்சையால் மூளை பாதித்துவிட்டதோ என்று ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். சேர்க்கும்போதே மயக்க மருத்துவரிடம் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எத்தனை ஆண்டுகளாக என்பதையும் சொல்லிவிட்டால் இவ்வளவும் தேவைப்படாது.

வீட்டில் மனம் உடைந்த நிலையில் ஒருவர் இருந்தால், முழு அட்டையையும் அவர் தலைமாட்டில் வைக்காமல், ஒவ்வொரு இரவும் ஒரு மாத்திரையாக வேறொருவர் எடுத்துக் கொடுப்பது நல்லது. மருத்துவரிடமும் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதக் கேட்கலாம். 14416 என்ற, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். யாராவது எழுப்ப முடியாதபடி கிடந்தால், மூச்சு மெதுவாகவோ இழுத்து இழுத்தோ இருந்தால், மாத்திரை எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிராமல் 108ஐ அழைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

மிஞ்சிய மாத்திரைகளைப் பற்றிக் கடையில் அடிக்கடி கேட்பார்கள், பெரும்பாலும் தூக்கம் வராத இன்னொருவருக்குக் கொடுக்கலாமா என்று. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது; அதிலும் மாமியாருக்கு எழுதிய 0.5, பரீட்சைக்குப் பயப்படும் பேரனுக்குப் போகவே கூடாது. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, ஈரமான காப்பித்தூள் சக்கையோடோ மண்ணோடோ பிசைந்து, மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடலாம்; குழந்தையும் நாயும் எடுத்துத் தின்ன முடியாதபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மிஞ்சியதை அப்படித்தான் போட்டேன். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குகிறாயே என்று அத்தை கேட்டுவிட்டு, பேரன் கண்ணில் படாமல் கீழே தள்ளிப் போடு என்றும் சேர்த்துச் சொன்னார்.